நிலக்கடலையில் கொலஸ்ட்ரால் இருக்கிறதா?

"நிலக்கடலையிலும் தேங்காயிலும் கொலஸ்ட்ரால் அதிகம், சைவக்காரர்கள் இரண்டையும் நிறுத்துங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. கொலஸ்ட்ராலை உருவாக்குவது விலங்குகளின் உடல். நிலக்கடலை, எள், தேங்காய் என எந்தத் தாவர உணவிலும் அது இல்லை என்றே சொல்லலாம்.

தேங்காய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். அதனால் அளவோடு போதும்.

நிலக்கடலை அப்படியல்ல. 100 கிராமில் சுமார் 49 கிராம் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுறாதது, இதயத்துக்கு நல்லது. கூடவே 25 கிராம் புரதம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் சாப்பிட்டால் சுமார் 170 கலோரி கிடைக்கும். எடை குறைந்து, இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும் பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! இப்படிப்பட்டவர்கள்தான் அந்தச் செய்தியை நம்பி கடலைச் சட்னியையும் எள்ளுப்பொடியையும் ஒதுக்குகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், கீரை, கேரட்டில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடலில் சேரவும் கொஞ்சம் எண்ணெய் தேவை. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அதைத் தொடக் கூடாது.