வரிசையில் நிற்கவைத்துவிட்டு விலையை ஏற்றுகிறார்கள்

பிடித்த ராக் பாடகர் உலகச் சுற்றுப்பயணம் கிளம்புகிறார் என்று அறிவிப்பு வந்தால் ரசிகனுக்குக் கால் தரையில் பாவக் கூடாது. ஆனால் இப்போதெல்லாம் ஊர்ப் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள்ளேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். முன்விற்பனைக்குப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு ரகசிய எண் வரும், சிலருக்கு வராது. எண் வந்தாலும் டிக்கெட் உறுதியில்லை என்று அதே மின்னஞ்சலில் எழுதியிருக்கும். அப்புறம் அந்த வரிசை.

அந்த வரிசையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விற்பனை பத்து மணிக்கு என்றால் கொஞ்சம் முன்னாலேயே காத்திருப்புப் பக்கம் திறக்கும். முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று நினைத்தால் அதுவும் கிடையாது. பத்து மணி அடித்ததும் உள்ளே இருக்கிற எல்லோரையும் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு இடம் கொடுக்கிறார்கள். நமக்கு முன்னால் பல்லாயிரம் பேர். திரையில் ஒரு கோடு நகர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்றே புரியாது. பக்கத்தை மறுபடி திறந்தால் இடம் போய்விடும் என்று எச்சரிக்கை வேறு. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகக்கூடப் பயம்.

ஒருவழியாக உள்ளே போனால் அரங்கத்தின் வரைபடம் வருகிறது. காலி இருக்கைகள் நீலப் புள்ளிகளாக இருக்கும். ஒன்றைத் தொட்டால், இதை வேறொரு ரசிகர் எடுத்துவிட்டார் என்று வருகிறது. அடுத்ததைத் தொட்டால் அதே பதில். கண் முன்னாலேயே புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகின்றன. கடைசியில் ஒன்று கையில் சிக்கியதும் மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பிக்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்குள் பணம் கட்டியாக வேண்டும். அப்போதுதான் விலையைப் பார்க்கிறோம். நாம் நினைத்து வந்த விலை இல்லை. அதைப் போல இரண்டு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல்.

இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. விலை அதிகம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்தவர் வருவார், முடியாதவர் வீட்டில் பாட்டுக் கேட்பார். ஒரு விலையைக் காட்டிக் கூப்பிட்டு, மணிக்கணக்காக நிற்கவைத்து, யோசிக்கவே விடாமல் கடிகாரத்தை ஓடவிட்டு, அந்தப் பதற்றத்தில் வேறொரு விலையை நீட்டுவது அயோக்கியத்தனம். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

2022 ஜூலையில் அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் அமெரிக்கச் சுற்றுப்பயண டிக்கெட் விற்பனையில் என்ன நடந்தது என்று ராக் ரசிகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேவைக்கேற்ப விலை ஏறும் டைனமிக் பிரைசிங் முறையில் சில இருக்கைகள் 5,000 டாலர் வரை போயின. கொதிப்பு எழுந்ததும் டிக்கெட் விற்ற நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் ஒரு கணக்கு சொன்னது: இப்படி விலை ஏறியவை 11.8 சதவீதம்தான், மற்றதெல்லாம் அறிவித்த விலைக்கே விற்றன, சராசரி விலை 262 டாலர். சரி, அந்தக் கணக்கு உண்மையாகவே இருக்கட்டும். அந்த 11.8 சதவீதம் எந்த இருக்கைகள்? யாரும் விரும்பாத கடைசி வரிசையா? ஆசை எங்கே அதிகமோ அங்கேதான் விலை ஏறும், அந்த முறையின் வேலையே அதுதான். ஆலைத் தொழிலாளியையும் வேலை இழந்தவனையும் வாழ்நாள் முழுக்கப் பாடிய மனிதர் அவர். அவரை முன்னால் நின்று பார்க்கும் இடம்தான் அப்படிப்பட்டவன் கைக்கு எட்டாமல் போனது.

ஸ்பிரிங்ஸ்டீனுக்காகவே 1980-லிருந்து நடந்துவந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற ரசிகர் இதழ் 2023-ல் மூடப்பட்டது. இந்த டிக்கெட் விவகாரத்தில் மனம் உடைந்துதான் நிறுத்துகிறோம் என்று ஆசிரியரே எழுதினார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு கலைஞனைக் கொண்டாடியவர்களை ஒரு விற்பனை விரட்டிவிட்டது. இதை நினைக்கும்போது இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பிரிட்டனின் ராக் குழு ஓயாசிஸ் மறுபடி ஒன்றுசேர்ந்தபோதும் இதே கதைதான். 2024 ஆகஸ்டு 31 அன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் விற்பனை. சுமார் 150 பவுண்டு என்று நினைத்து நாள் முழுக்க வரிசையில் இருந்தவர்களுக்கு, உள்ளே போனபோது நின்று பார்க்கும் டிக்கெட்டுக்கு 355 பவுண்டு காட்டியது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் விசாரித்தது. அங்கே கணினி நொடிக்கு நொடி விலையை ஏற்றவில்லை, இரண்டு விலையில் டிக்கெட் வைத்திருந்து, குறைந்த விலை தீர்ந்ததும் அதிக விலையைத் திறந்தார்கள் என்று தெரிந்தது. ஆனால் அப்படி இரண்டு விலை இருப்பதை வரிசையில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 'பிளாட்டினம்' என்று பெயர் வைத்து ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு விற்ற இருக்கைகளில் தனியாக எந்த வசதியும் இல்லாததையும் ஆணையம் சுட்டிக்காட்டியது. அதே இருக்கை, அதே மேடை, அதே பாட்டு. பெயரை மாற்றினால் விலை ஏறிவிடுமா?

அப்போது இசைக்குழு சொன்ன பதில், டிக்கெட் விலையெல்லாம் மேலாளர்களும் அமைப்பாளர்களும் பார்த்துக்கொள்வது, எங்களுக்குத் தெரியாது என்பது. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மேடையில் எந்த விளக்கு எந்த வினாடியில் எரிய வேண்டும் என்பது வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு, வாசலில் ரசிகனிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று தெரியாமல் போகுமா? தெரியாவிட்டால் கேளுங்கள். உங்கள் பெயரைப் போட்டுத்தானே விற்கிறார்கள்.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023-ல் தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் செய்து காட்டினார். வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு டைனமிக் பிரைசிங் வேண்டாம், பிளாட்டினம் வேண்டாம் என்றார். சில ஊர்களில் 20 டாலருக்கே டிக்கெட் வைத்தார். சட்டம் தடுக்காத இடங்களில் வாங்கிய டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாதபடி செய்தார். அப்படியும் விற்பனை நாளில் பேரிடி விழுந்தது. ஒரு ரசிகர் வெளியிட்ட ரசீதை நான் வரி வரியாகப் பார்த்தேன். 20 டாலர் டிக்கெட் நான்கு, 80 டாலர். ஒவ்வொன்றுக்கும் சர்வீஸ் சார்ஜ் 11.65 டாலர், அரங்கக் கட்டணம் 10 டாலர். எல்லாவற்றுக்கும் மேல் ஆர்டரைக் கையாள 5.50 டாலர். மொத்தம் 172.10. பாட்டுக்குக் கொடுத்ததைவிட டிக்கெட்டைக் கொடுத்ததற்கு அதிகம்!

ஸ்மித் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார், விளக்கம் கேட்டார். கடைசியில் டிக்கெட்மாஸ்டர் கட்டணம் அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டு, குறைந்த விலை டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது. ஒரே ஒரு பாடகர் உட்கார்ந்து கேள்வி கேட்டதற்கே இவ்வளவு நடந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லி மாளாது.

இந்த சர்வீஸ் சார்ஜ் ஏன் தனியாக நிற்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கலைஞருக்குப் பங்கு போவது டிக்கெட்டின் அடிப்படை விலையிலிருந்து. கட்டணத்தைத் தனியாக வைத்தால் அது அந்தப் பங்குக் கணக்கில் வராது. டிக்கெட் நிறுவனம் எடுத்துக்கொண்டது போக ஒரு பகுதி அரங்கத்துக்கும் போகிறது. எங்கள் டிக்கெட்டை நீங்கள் மட்டும்தான் விற்க வேண்டும் என்று அரங்கங்கள் பல வருட ஒப்பந்தம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரசிகன் திட்டுவது டிக்கெட் நிறுவனத்தை மட்டும். மற்றவர்கள் நிழலில் நின்றுகொள்கிறார்கள்.

புதிதாக முளைத்த அநியாயமும் இல்லை இது. 1994-ல் அமெரிக்காவின் பேர்ல் ஜாம் ராக் குழுவினர் டிக்கெட் 20 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நின்றார்கள். டிக்கெட்மாஸ்டர் மேல் அமெரிக்க அரசின் நீதித்துறையிடம் புகார் கொடுத்தார்கள், நாடாளுமன்றக் குழு முன் சாட்சியும் சொன்னார்கள். மறு வருடமே நீதித்துறை விசாரணையை மூடிவிட்டது. 2010-ல் நிகழ்ச்சி நடத்தும் லைவ் நேஷனும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரும் ஒன்றாக இணைய அனுமதி கிடைத்தது. அதே நீதித்துறை 2024 மே மாதம் அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. பேர்ல் ஜாம் கத்தி முப்பது வருடம் கழித்து! அந்த முப்பது வருடத்தில் எத்தனை பேர் வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருப்பார்கள்.

பிளாக்கில் விற்பவர்கள் கதை தனி. வாசலில் நின்று ரகசியமாக விற்றது ஒரு காலம். இப்போது அதற்கு 'மறுவிற்பனை' என்று மரியாதையான பெயர், அரங்க வரைபடத்திலேயே வேறு நிறத்தில் புள்ளி. விற்பனை தொடங்கும் முன்பே, கையில் இல்லாத டிக்கெட்டை விற்பனைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தானியங்கி மென்பொருளை வைத்து டிக்கெட்டை வாரிக்கொண்டு போவதைத் தடுக்க அமெரிக்காவில் 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் முதல் நடவடிக்கை எடுத்தது 2021-ல். அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அயர்லாந்து இருக்கிறது. பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுபடி விற்பது அங்கே 2021 சட்டப்படி குற்றம்.

இன்னொரு விஷயம், பொது விற்பனைக்கு எத்தனை டிக்கெட் வருகிறது என்பது. 2016-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அது எடுத்துப் பார்த்த பெரிய நிகழ்ச்சிகளில் பொதுமக்களுக்கு வந்தது சராசரியாக 46 சதவீதம்தான். மீதி முன்விற்பனைக்கும் துறைக்குள் இருப்பவர்களுக்கும் போய்விட்டது. பாதிக்கும் குறைவான டிக்கெட்டுக்காகப் பல்லாயிரம் பேரை முட்டிமோதவிட்டு, சில நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தது என்று பெருமை பேசுகிறார்கள்.

விலையை நாங்கள் ஏற்றாவிட்டால் பிளாக்கில் விற்பவன் ஏற்றி விற்பான், அந்தப் பணம் கலைஞனுக்கே வரட்டுமே என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். ஸ்பிரிங்ஸ்டீனும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ராக் பாடகர் நீல் யங்கும் பிளாட்டினம் டிக்கெட் விற்றவர்தான். ஆனால் அந்தப் பணம் தன்னிடம் வந்தது சரியாகப் படவில்லை என்று 2025-ல் வெளிப்படையாகச் சொல்லி, இனி வேண்டாம் என்று முடிவெடுத்தார். வாங்குகிற எனக்கு அந்தப் பணம் யார் பைக்குப் போனால் என்ன? என் பையிலிருந்து போவது ஒரே தொகைதான். ஒருவன் என்னிடம் கொள்ளை அடிப்பான் என்பதற்காக, அவனுக்கு முன்னால் நீங்கள் அடிப்பது எப்படி நியாயமாகும்?

வெளிநாட்டு ரசிகனின் பாடு இன்னும் மோசம். உலகச் சுற்றுப்பயணம் என்று பெயர் இருந்தாலும் அவன் நாடு பட்டியலில் இருக்காது. விமானம், விசா, தங்கும் அறை எல்லாவற்றையும் டிக்கெட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போட்டு வைத்திருப்பான். நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் பணம் திரும்ப வரலாம், மற்றது போனது போனதுதான்.

சுற்றுப்பயணப் போஸ்டரில் ஊரும் தேதியும் அவ்வளவு அழகாகப் போடுகிறீர்களே. அதற்குக் கீழேயே, எல்லாக் கட்டணமும் சேர்த்து ஒரு டிக்கெட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு, இந்த ஊரில் பொதுமக்களுக்கு எத்தனை டிக்கெட் என்று விற்பனைக்கு ஒரு வாரம் முன்பே போடுங்கள். ராபர்ட் ஸ்மித் சண்டை போட்ட அளவுக்குக்கூட நீங்கள் போட வேண்டாம். அந்த இரண்டு எண்களை அச்சடிக்க விடாமல் உங்களை எந்த ஒப்பந்தம் தடுக்கிறது?