பதக்கம் கொடுத்தால் போதுமா?

புள்ளி, பதக்கம், தரவரிசை சேர்த்தால் ஆன்லைன் பயிற்சியில் ஆர்வம் தானாக வந்துவிடும் என்கிறது நீங்கள் எழுதிய கட்டுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1971இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி நடத்திய சோதனையில், புதிரை விடுவிக்கப் பணம் வாங்கிய மாணவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்துபோனது.

பயிற்சிகள் தயாரிப்பதுதான் என் வேலை. ஒரு பாடத்தில் வீடியோ முடியும்வரை 'அடுத்து' பட்டனைப் பூட்டி வைத்திருந்தோம். ஒருவர் அதைப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒலியை அணைத்துவிட்டு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினார். பட்டன் நிறம் மாறியதும் வந்து அழுத்தினார். அவர் மேல் என்ன தப்பு? தெரிந்ததையே திரும்பக் கேட்க வைத்தது நாங்கள்தான். அப்புறம் தொடக்கத்திலேயே நாலு கேள்வி வைத்து, தெரிந்த பகுதியைத் தாண்டிப் போக விட்டோம். 'தவறு, மீண்டும் முயல்க' என்பதையும் எடுத்துவிட்டு, அந்த விடைப்படி செய்தால் வேலையில் என்ன ஆகும் என்று இரண்டு வரி எழுதினோம்.

கற்பவருக்கு ஆர்வம் வர என்ன தேவை என்று கல்வி ஆய்வாளர் ஜான் கெல்லர் சொன்ன கவனம், பொருத்தம், நம்பிக்கை, நிறைவு ஆகிய நான்கில், கவனத்தை ஈர்ப்பதற்கே நாம் அதிகம் மெனக்கெடுகிறோம். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையைப் பாடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள்.