தூத்துக்குடி மரபு என்றால் கட்டடம் மட்டும்தானா?

தூத்துக்குடிப் பக்கம் மரபு நடை என்று கிளம்பினால் பனிமய மாதா பேராலயம், வ.உ.சி. நினைவிடங்கள், நேரமிருந்தால் கொற்கை. அத்தோடு வேன் திரும்பிவிடும். 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்தைப் பேசுகிறோம், நல்லது. ஆனால் அந்த ஆலைக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கரையில் தொழில் இருந்தது. அதைக் காட்ட ஆளில்லை.

கொற்கையையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி வண்டல் தள்ளியதில் துறைமுகம் இன்று கடலைவிட்டு உள்ளே கிடக்கிறது. அங்கே கிடைத்தவற்றில் அறுத்த சங்குத் துண்டுகளும் உண்டு. வளையலுக்கு வட்டம் அறுத்தபின் கழித்துப்போட்டவை. உயிரோடு எடுத்த சங்குக்குத்தான் மதிப்பு. செத்துக் கிடந்த சங்கைப் புழுவும் கடற்பஞ்சும் துளைத்திருக்கும், பளபளப்பு வராது, அறுக்கும்போதே உடையும். ஒரு கழிவுத் துண்டைக் கையில் கொடுத்து இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொற்கை புரியும். பாண்டியர் பட்டியல் அப்புறம் வரட்டும்.

உப்பளம் இன்னும் கண்முன் ஓடுகிற தொழில். நீரில் உப்பு எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதைப் போமே டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. தெப்பம் என்கிற குட்டைகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி வெயிலில் வற்றவிட்டால் 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். அதைத் தெப்பத்திலேயே இறக்கிவிட வேண்டும், பாத்திக்கு வந்தால் உப்போடு கலந்துவிடும். 25 டிகிரி நீரைத்தான் பாத்தியில் பாய்ச்ச வேண்டும். அங்கே உப்பு விளையும். 29, 30 டிகிரியானதும் மிச்ச நீரை வெளியேற்றியாக வேண்டும். பேராசைப்பட்டு விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், குவித்துவைத்த இடத்தில் ஈரம் இழுத்துக் கசியும்.

பாத்தியின் தரையும் லேசான விஷயமில்லை. களிமண்ணை நனைத்து, மிதித்து, காயவிட்டு இறுக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் நீர் கீழே இறங்கும், வாரும்போது உப்போடு சேறும் வரும். கோடைமழை பெய்தால்? மழைநீர் கனம் குறைந்தது, தெப்பத்தின் மேலே நிற்கும். காற்றடித்துக் கலங்குவதற்குள் மேல்நீரை வழித்துவிட்டால் பல நாள் வெயில் வீணாகாது. இந்தக் கைப்பக்குவத்துக்கு எந்த ஊர் அருங்காட்சியகத்தில் இடம் வைத்திருக்கிறோம்?

“மாதிரி உப்பளம்” அமைத்தால் போதும் என்பார்கள். நாலு பாத்தி கட்டி, பலகை பிடித்த பொம்மையை நிறுத்தி, செல்ஃபி மேடை போடுவார்கள். அது ஓடாது. கடல்நீர் 25 டிகிரிக்கு வருவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிவிடும். ஆகவே பாத்தியைவிடத் தெப்பத்துக்குப் பல மடங்கு இடம் வேண்டும். கிணற்று நீர் ஏற்கெனவே கனமாக இருந்தால் இடம் குறையும், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு வெறும் தண்ணீர்க்குட்டையாகத் தெரிகிற அந்தத் தெப்பங்களைத்தான் முதலில் மனையாகப் பிரித்து விற்கிறார்கள். பழைய அளம் ஒன்றைக் காப்பாற்றுவதானால் வாய்க்கால், மடை, தெப்பம், பாத்தி எல்லாம் ஒரே தொகுப்பாக, உப்பு வாரத் தெரிந்தவர்களுக்குச் சம்பளத்தோடு இருக்க வேண்டும்.