"பழகிடும் சார்" என்று சொல்லி டைல்ஸ் விற்காதீர்கள்

"பழகிடும் சார்." போர்டிகோவுக்கு டைல்ஸ் எடுக்கப் போன அன்று, மழை பெய்தால் இது வழுக்காதா என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில் இதுதான். பழகவில்லை. ஐப்பசி மழையில் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடிய அம்மா, அந்தப் பளபளத் தரையில் கால் வைத்த வேகத்தில் சறுக்கி விழுந்து, கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து, ஆறு வாரம் சோற்றை இடது கையால் ஸ்பூனில் அள்ளிச் சாப்பிட்டார். 67 வயது. பழைய வீட்டின் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் 40 வருடம் ஈரக்காலோடு நடந்தவர், ஒரு தடவை விழுந்ததில்லை.

அந்தக் கடையில் எங்களிடம் கேட்டது இரண்டே கேள்வி. பட்ஜெட் எவ்வளவு, என்ன கலர். எந்த இடத்தில் போடப் போகிறீர்கள், அங்கே தண்ணீர் விழுமா, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா என்று ஒருத்தர் கேட்கவில்லை. டைல்ஸை ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தி மேலே லைட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். தரையில் போடுகிற பொருளைத் தரையில் வைத்துக் காட்டினால் என்ன? ஒரு மக் தண்ணீரை அதன் மேல் ஊற்றிச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்க்கச் சொன்னால் அரை நிமிடத்தில் தெரிந்துபோகும். எங்களுக்குக் கொடுத்தது பாலிஷ் போட்ட கிளாஸி விட்ரிஃபைடு (அதிகச் சூட்டில் சுட்டு இறுகவைத்த டைல்ஸ்), சதுர அடி 72 ரூபாய். ஹாலுக்கு அது நல்ல டைல்ஸ்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பில் தண்ணீர் நின்றால் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஏடு போலப் படர்ந்துவிடும், அப்புறம் பிடிமானம் எங்கிருந்து வரும்? சோப்புத் தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், அதிலும் கையால் தடவினால் லேசாகச் சொரசொரக்கிற வகைதான் போர்டிகோவுக்கும் பாத்ரூமுக்கும் வேண்டும்.

இதை அளக்க முறையே இல்லை என்றால்கூட மன்னிக்கலாம். ஜெர்மனிக்காரர்கள் வகுத்த ஒரு சோதனை இருக்கிறது. டைல்ஸ் பதித்த சாய்வுப் பலகையில் எண்ணெய் ஊற்றி, ஷூ போட்ட ஆளை நடக்கவிட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று பார்த்து ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் போடுகிறார்கள். எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்கவிட்டு ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிற இன்னொரு சோதனையும் உண்டு, அதில் சி தான் அதிகப் பிடிமானம். நாம் வீட்டுக்குள் ஷூ போட்டு நடக்கிற ஆட்களா? பாத்ரூமுக்கு அந்த இரண்டாவதுதான் முக்கியம். விழுந்த பிறகு தேடிப் படித்து இதெல்லாம் தெரிந்துகொண்டு, அதே ஊரில் நான்கு கடை ஏறி ஆர் எண் என்ன என்று கேட்டேன். மூன்று கடையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தினமும் இதை விற்றுச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாதென்றால், வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிற எனக்கு எப்படித் தெரியும்?

சுவர் டைல்ஸ் கதை இன்னொரு கொடுமை. சுவருக்கான செராமிக் டைல்ஸ் எடை குறைவு, விலையும் குறைவு, அதன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீரைக் குடிக்கும். விட்ரிஃபைடு அரை சதவீதம்கூடக் குடிக்காது. டைல்ஸைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள், செராமிக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இழுத்துவிடும், விட்ரிஃபைடில் அப்படியே முத்தாக நிற்கும். சுவர் டைல்ஸைத் தரையில் போட்டால் பாரம் தாங்காமல் விரியும், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சிலிண்டரை இறக்கி வைத்த இடத்திலேயே குறுக்கே விரிசல் ஓடியிருக்கிறது. மீந்த சுவர் டைல்ஸை ஸ்டோர் ரூம் தரைக்குப் போட்டுக்கொடுத்த மேஸ்திரி வேலை அது.

இதே காரணத்தால்தான் விட்ரிஃபைடைச் சுவரில் சிமெண்ட் பால் தடவி ஒட்டினால் பிடிக்காது. தண்ணீரையே குடிக்காத டைல்ஸ் சிமெண்டை எப்படிப் பிடிக்கும்? அதற்கென்று பசை மூட்டையில் வருகிறது. "இருபது வருஷமா சிமெண்டுலதான் ஒட்டுறேன்" என்று சொல்லி எங்கள் மேஸ்திரி சிமெண்டிலேயே ஒட்டினார். சமையலறைச் சுவரில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன், ஒன்று கெட்டியாகக் கேட்டால் அடுத்தது டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். அதில் இரண்டு டைல்ஸ் ஒரு நாள் ராத்திரி அடுப்பு மேடையில் விழுந்து நொறுங்கின. பகலில் விழுந்திருந்தால் அம்மா அங்கே நின்றிருப்பார்.

ஷேட் நம்பர் விஷயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவை சுடும்போதும் நிறம் லேசாக மாறும் என்பதால் பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த எண் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள், சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூடுதலாக அப்போதே வாங்குங்கள், இரண்டு பெட்டி குறைகிறது என்று மூன்று மாதம் கழித்துப் போனால் அதே டிசைன் சற்றே வேறு நிறத்தில் வரலாம்.

போர்டிகோவில் இப்போது சாக்கு விரித்து வைத்திருக்கிறோம். தை பிறந்ததும் மொத்தமாக உடைத்து எடுக்கிறோம், உடைக்கிற கூலி தனி, புது டைல்ஸ் தனி. நான்காவது கடையில் ஒரு சின்னப் பையன் ஆர்11 என்று எழுதிய பெட்டியைத் தானே தேடி எடுத்துவந்து பிரித்துக் காட்டினான். அம்மாவைக் கூட்டிப் போய், அந்த டைல்ஸைத் தரையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொன்னேன். கட்டைவிரலை அழுத்திப் பார்த்துவிட்டு "இது பிடிக்குதுப்பா" என்றார். அப்புறம்தான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.