எருமைக்குத் தெரிந்தது

(கொக்கட்டிச்சோலை. வேப்பமரத்து நிழல். பெரியப்பா எருமையின் கழுத்து மணிக்குக் கயிறு முறுக்குகிறார். லண்டனிலிருந்து லீவில் வந்த மகன் போனில் படம் காட்டுகிறான்.)

பெரியப்பா: இதென்ன மனே, பழைய வோக்கிடோக்கியா?

மகன்: கையில் கொண்டு போகிற ஜீபிஎஸ், பெரியப்பா. அங்கே மெட்டல் டிடெக்டரோடு காட்டுக்குள் போகிறேனே, அதற்கு.

பெரியப்பா: கண்ணிவெடி எடுத்த ஆட்கள் வைத்திருந்த சாமானா? அதோடு இங்கே காட்டுக்குள் போனால் புதையல் தோண்டுகிறாய் என்று பொலிஸ் ஏற்றிக்கொண்டு போகும்.

மகன்: இங்கே 1940இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் காணிக்காரர் சம்மதித்தால் தேடலாம். 300 வருடம் தாண்டிய தங்க, வெள்ளி நகை அகப்பட்டால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

பெரியப்பா: சரி, இந்தச் சாமான் தங்கத்தைக் காட்டுமா?

மகன்: இல்லை. நான் நிற்கிற இடத்தைக் காட்டும்.

பெரியப்பா: நீ நிற்கிற இடம் உனக்குத் தெரியாதா?

மகன்: காட்டில் எல்லா மரமும் ஒரே மாதிரி, பெரியப்பா. ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் மெசின் நல்லாக் கத்தியது. மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன்.

பெரியப்பா: மறுகா?

மகன்: மறுநாள் போனால் துணியைக் காணவில்லை. மரத்தையும் காணவில்லை.

பெரியப்பா: போனில் இதெல்லாம் இல்லையா?

மகன்: இருக்கிறது. குளிரில் சார்ஜ் கெதியாக இறங்கிவிடும். மழை நனைந்த விரலுக்குத் திரை மசியாது. பொத்தான் வைத்த மாடல் ஒன்று இருக்கிறது, இரண்டு பென்டோர்ச் பற்றரியில் ஓடும்.

பெரியப்பா: பெட்டிக்கடையில் பற்றரி வாங்கலாம். அதையே எடு.

மகன்: யோசிக்கிறேன். சிக்னல் 20,000 கிலோமீற்றருக்கு மேலே சுற்றுகிற செய்மதிகளிலிருந்து வருகிறது. இலைக்குள் மங்கிவிடும், மரத்தில் பட்டுத் தெறித்தால் இடம் பிசகும். வெளியில் 3, 4 மீற்றர் பிசகுவது காட்டுக்குள் 10 மீற்றர்கூட ஆகலாம். இரண்டு அலைவரிசை பிடிக்கிற மாடல் பரவாயில்லை, விலைதான் கூட.

பெரியப்பா: 10 மீற்றரா! பக்கத்து வளவோடு ஒரு முழ வேலிக்கு எட்டு வருடம் கோட்டில் நின்றவன் நான். கூட விலையையே கொடு. அதுசரி, இதுவரை என்ன எடுத்தாய்?

மகன்: குதிரை லாடம் ஒன்று, பொத்தான் இரண்டு, சோடா மூடி பதினொன்று.

பெரியப்பா: மூடி கிடந்த இடத்தையும் குறிப்பாயா?

மகன்: ஓம், தேடின இடத்திலேயே திரும்பத் தேடக் கூடாதே.

பெரியப்பா: (கயிற்றை இழுத்துப் பார்த்து) எனக்கும் ஒன்று அனுப்பு. மாதவணைப் பக்கம் மேயப் போன நாகு மூன்று நாள் காணாமல் கிடந்து முந்தாநாள்தான் வந்தது. கழுத்தில் கட்டிவிடுவோம்.

மகன்: இது சிக்னல் வாங்கும், அனுப்பாது பெரியப்பா. எருமை எங்கே நிற்கிறது என்று எருமைக்குத்தான் காட்டும்.

பெரியப்பா: அது அதற்குச் சும்மாவே தெரியுமே, மனே. அதைத்தானா நீ காசு கொடுத்து வாங்கப் போகிறாய்?

(மணியை ஆட்டிப் பார்க்கிறார். நல்ல சத்தம்.)