மழைக்கு ஒரு பிந்தேத்தொக்

காலையிலிருந்து விடாத மழை. வீட்டில் எல்லாரும் பஜ்ஜி கேட்கிறார்கள். எனக்கு மட்டும் பிந்தேத்தொக் வேண்டும் என்று நாக்கு அடம்பிடிக்கிறது. பாசிப்பருப்பை அரைத்து எண்ணெயில் சுடும் கொரியப் பலகாரம் அது.

கொரியர்களும் அப்படித்தான். மழை வந்தால் அடை மாதிரி எண்ணெயில் சுடும் பலகாரங்களைத் தேடிப் போவார்கள். ஜொன் என்பது அவற்றின் பொதுப்பெயர். மாவு பொரிகிற சத்தம் மழைச் சத்தம் போலவே இருப்பதால்தான் அந்த ஆசை வருகிறது என்று அங்கே சொல்வார்கள். இன்றைக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தால் அது உண்மைதான் என்று தோன்றுகிறது.

நான் முதன்முதலில் பிந்தேத்தொக் சாப்பிட்டது சியோலின் குவாங்ஜாங் சந்தையில். 1905இல் தொடங்கிய சந்தை. கடை வாசலிலேயே ஊறிய பாசிப்பருப்பை அரைக்கிறார்கள். நம் திரிகை மாதிரியே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கல். மேல்கல் சுற்றச் சுற்ற, இடுக்கிலிருந்து இளமஞ்சள் மாவு கொழகொழவென்று வழிந்து பாத்திரத்தில் விழுகிறது. அதில் முளைப்பயறு, வெங்காயத்தாள், நறுக்கிய கிம்ச்சி (காரம் போட்டுப் புளிக்கவைத்த கோஸ்), பெரும்பாலும் பன்றிக்கறியும் சேர்த்து, எண்ணெய் தாராளமாக நிற்கும் கல்லில் கனமாக ஊற்றுகிறார்கள். நான் கறி இல்லாததாகக் கேட்டு வாங்கினேன்.

இதைச் சொன்னாலே பலரும் "நம்ம அடைதானே" என்கிறார்கள். பாதிதான் சரி. நானும் அடை என்று நினைத்துத்தான் கடித்தேன். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து, அதுவரைக்கும் அடை. அப்புறம் பெருங்காயத்தை எதிர்பார்த்த இடத்தில் கிம்ச்சியின் புளிப்பு வந்தது. கூடவே சோயா சாஸிலும் வினிகரிலும் ஊறிய வெங்காயம். அந்த இடத்தில்தான் எனக்கு இது பிடித்துப்போனது. புது ஊர்ச் சாப்பாட்டில் தெரிந்த ருசியைத் தேடுவது முதல் வாய்க்கு ஒரு தைரியம், அவ்வளவுதான். அதோடு நின்றுவிட்டால் அந்த ஊர் மனுஷர்கள் தங்கள் நாக்குக்கென்று கண்டுபிடித்து வைத்திருப்பது நமக்குக் கிடைக்காமலே போய்விடும். அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் பாசிப்பருப்பு போதும்.

பருப்பு ஊறி மூன்று மணி நேரம் ஆகிறது. டப்பாவில் கிம்ச்சி பாதி இருக்கிறது. நன்றாகப் புளித்த பழைய கிம்ச்சி, இதற்கு அதுதான் தோது. அம்மா எட்டிப் பார்த்து, "சீரகம் போடலையா?" என்றார். முதலாவதை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கம்மா என்றேன். சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு வந்து அடுப்பின் பக்கத்தில் நிற்கிறார்.