தண்ணி மோட்டாரை நேரா ஸ்மார்ட் சுவிட்ச்சில கோக்காதீங்க

சென்னையில தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டறவங்க கேக்கற முதல் கேள்வி, "போன்ல வேலை செய்யுமா?" செய்யும். கெட்டுப்போனா ஆன்ல நிக்குமா, ஆஃப்ல நிக்குமான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. லைட் ஆஃப்ல நின்னா இருட்டு, அவ்வளவுதான். மோட்டார் ஆன்லயே நின்னா சம்ப் (கீழ் தொட்டி) வத்தி, சீல் எரிஞ்சு, மோட்டார் காயிலும் போயிடும்.

ஸ்மார்ட் சுவிட்ச்சுக்குள்ள கரண்டை ஆன், ஆஃப் பண்றது ரிலே. அது மேல 10 ஆம்பியர்னு போட்டிருப்பான். அது ஹீட்டர் மாதிரி லோடுக்கான கணக்கு. 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடறப்போ 5, 6 ஆம்பியர் இழுக்கும். கிளம்பற நேரத்துல அதுக்கு அஞ்சாறு மடங்கு. அந்தப் பொறியில ரிலே முனை உருகி ஒட்டிக்கும். அப்புறம் ஆப்ல ஆஃப்னு காட்டும், மோட்டார் அது பாட்டுக்கு ஓடும். மலிவு மாடல்ல பலது தான் போட்ட கட்டளையத்தான் காட்டுது, கரண்ட் போகுதான்னு பாக்கறதில்ல.

வழி இருக்கு. மோட்டார் கரண்டைத் தாங்கற பெரிய சுவிட்ச்தான் கான்டாக்டர். ஸ்மார்ட் சுவிட்ச் அதை இயக்கற காயிலுக்கு மட்டும் கரண்ட் குடுக்கட்டும். கான்டாக்டர் ஏசி-3 ரேட்டிங்ல (மோட்டார் லோடுக்கான கணக்கு) 12 ஆம்பியராவது வேணும், காயில் 230 வோல்ட். கரண்ட் அதிகமானா மோட்டாரை நிறுத்தற ஓவர்லோட் ரிலேவை மோட்டார் நேம் பிளேட் ஆம்பியருக்கு வைங்க. சிங்கிள் ஃபேஸ்னா அந்த ஓவர்லோட் ரிலேவோட மூணு போல் வழியாவும் கரண்ட் போற மாதிரி லூப் அடிக்கணும். அதை விட்டுட்டு, சும்மா சும்மா டிரிப் ஆகுதுன்னு ரிலேவையே கழட்டிப் போடறவங்க உண்டு!

மேல் டேங்க் ஃப்ளோட், சம்ப் ஃப்ளோட் (தண்ணி மட்டத்தைப் பாத்து துண்டிக்கற சுவிட்ச்) ரெண்டும் அதே கான்டாக்டர் காயில் லைன்ல சீரிஸா, வயர்லயே வரணும். வைஃபை செத்தாலும் டேங்க் நிறைஞ்சா, சம்ப் வத்தினா மோட்டார் நிக்கும். ஃப்ளோட் வயர் அறுந்தாலும் நிக்கும். ஆப்ல "கரண்ட் வந்தப்புறம்" செட்டிங்கை ஆஃப்ல வைங்க. "பழைய நிலை"ன்னு விட்டா, ராத்திரி கட் ஆகி வந்ததும் மோட்டார் தானா கிளம்பிடும்.

போன்ல போடற கட்டளை ரூட்டர், இணையம், கம்பெனி சர்வர், ரிலே நாலையும் தாண்டணும். ஒரு பேச்சுக்கு ஒவ்வொண்ணும் 99, 97, 99, 99 சதவீதம் வேலை செய்யும்னு வைங்க. பெருக்கினா 94 தான். நூத்துக்கு ஆறு தடவை காலை வாரும். அதனால சுவத்துல கை சுவிட்ச் கண்டிப்பா இருக்கணும்.

ஆப்ல ஆஃப் பண்ணிட்டு ஃபேன்ல கை வைக்கவே வைக்காதீங்க. ரிலே ஒரு வயரைத்தான் துண்டிக்கும். பழைய வீட்ல ஃபேஸ், நியூட்ரல் மாறியிருந்தா ஆஃப்லயும் ஷாக் அடிக்கும். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் துண்டிக்கற மெயினை இறக்குங்க.

கடல் காத்துல டெர்மினல் பச்சை பூத்து, பிடிப்பு தளர்ந்து சூடாகும். ஆறு மாசத்துக்கு ஒருதடவை மெயினை இறக்கிட்டு எலெக்ட்ரீஷியனை வச்சு ஸ்க்ரூ இறுக்குங்க. மாசம் ஒருமுறை, மோட்டார் ஓடறப்போ மேல் டேங்க் ஃப்ளோட்டைக் கையால தூக்கிப் பாருங்க. நிக்கலைன்னா கான்டாக்டரும் ஒட்டியிருக்கலாம். உடனே மோட்டாரோட எம்சிபியை (போர்டுல இருக்கற டிரிப் சுவிட்ச்) இறக்கிடுங்க.